சீதன வீடும் சீசன் வாடகையும்



இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர், பேச வருபவர் தமக்கு முக்கியமென்று தோன்றுவதைப் பேசலாம் என்று பொருளை என்னிடமே விட்டார்கள். மட்டக்களப்பு மேடையில் கூத்தைப் பற்றியோ கண்ணகி வழிபாட்டைப் பற்றியோ விபுலாநந்த அடிகளைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் வீட்டு விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூத்தையும் சடங்கையும் காத்து வருகிறவர்கள் இந்த ஊர்களின் வீடுகளில் குடியிருக்கும் மனிதர்கள். அந்த வீடுகளும் வளவுகளும் யார் கைக்குப் போகின்றன என்பதை இந்த அவை கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் ஐந்தாறு மாதச் சீசனுக்காக முழு வீடுகளே விருந்தினர் வாடகைக்கு மாறி வருகின்றன. அறுகம்குடாவில் இது எப்போதோ நடந்துவிட்டது. பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் நடக்கிறது. கல்லடிப் பக்கமும் தொடங்கிவிட்டது. வேறு ஊர்களில் இதை வீட்டுத் தட்டுப்பாடு என்பார்கள். இங்கே வீடு பெண்ணுக்குரியது. ஆகவே காணி விலை ஏறினால் முதலில் அடிபடுவது மகளின் கல்யாணம். இந்த இடத்திலிருந்து பார்க்காமல் எந்தச் சுற்றுலாத் திட்டம் போட்டாலும் அது நம்முடைய திட்டமாக இருக்காது.

முதலில் சீசன் எப்படி விலையாகிறது என்று பார்ப்போம். மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரை, நம் கடல் குமுறும். வாடை ஓய்ந்து சித்திரை பிறந்தால் அது அடங்கும். அதிலிருந்து புரட்டாசி வரை கிழக்குக் கரைக்குக் காலம். தெற்கே ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ கரைகளுக்கு இதற்கு நேர்மாறான காலம். அங்கே கடை மூடுகிறவர்கள் சித்திரைக்குப் பிறகு அலைச்சறுக்குப் பலகைகளையும் சமையற்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அறுகம்குடாவுக்கு வருகிறார்கள், ஐப்பசியில் திரும்பிவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் இரண்டு கரையிலும் மாறிமாறிச் சம்பாதிக்கிறவருக்குக் கையில் முதல் இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே கரையில் வாழ்கிறவர், காணிச் சந்தையில் அவரோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம். இவை உதாரணத்துக்கு நான் இடும் எண்கள். மூன்று அறை வீடொன்று, ஆசிரியர் குடும்பத்துக்கு மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000 ரூபா. அதே வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு இரவுக்கு 8,000 ரூபா வீதம் விட்டால், 45 இரவுகளில் அந்தத் தொகை கைக்கு வந்துவிடுகிறது. 100 இரவுகள் போனால் 8,00,000. மிச்சமுள்ள 265 நாளும் வீடு பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. ஆசிரியர் குடும்பம் எழும்ப வேண்டியதுதான். அதோடு நிற்பதில்லை. பக்கத்து வெறுங்காணிக்கு விலை பேசுகிறவர், அங்கே ஒரு குடும்பம் குடியிருந்தால் எவ்வளவு தரும் என்று கணக்குப் பார்ப்பதில்லை. அந்த 8,00,000த்தை வைத்தே பார்க்கிறார். அந்த ஒழுங்கையில் ஒரே ஒரு வீடுதான் விருந்தினர் இல்லமாக மாறியிருந்தாலும் ஒழுங்கை முழுவதற்கும் பேர்ச் விலை அதுவாகிவிடுகிறது. விற்க நினைக்காத குடும்பத்துக்கும் இது வந்து சேரும், அடுத்த மகளுக்கு ஒரு துண்டு வளவு வாங்கப் போகும்போது.

இனி அந்த மகளைப் பற்றிப் பேச வேண்டும். இந்த அவைக்குத் தெரியாததொன்றும் இல்லை. ஆனால் தெரிந்த விடயங்களைத்தான் நாம் திட்டங்களில் எழுத மறக்கிறோம்.

மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றுப் பக்கமும், தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேரக் காத்துவரும் வழக்கம் இது: கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், அந்த வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். மூத்தவளுக்குக் கல்யாணமானால் தாயும் தகப்பனும் இருந்த வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, அதே வளவில் ஒரு சிறு குடிலுக்கோ பக்கத்தில் எழுப்பும் புது வீட்டுக்கோ மாறுவார்கள். அடுத்தவளுக்கும் அப்படியே. பெண் பிள்ளைகள் எத்தனையோ அத்தனை வீடு. தகப்பன் தன் வாழ்நாள் உழைப்பை இதில் போடுவார். அண்ணன் தம்பிமார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளி வைத்துத் தங்கைக்குச் சுவர் எழுப்புவார்கள். தாயின் வீட்டைச் சுற்றிச் சகோதரிகளின் வீடுகள் அமைவதால், பிள்ளைப்பேறோ நோயோ சாவோ எது வந்தாலும் பெண் தனித்துப் போவதில்லை. கணவன் சரியில்லாமற் போனால் வெளியேற வேண்டியவன் அவனே. தென்னாசியாவின் பெரும்பாலான பெண்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இது. போர்க் காலத்தில் கணவனை இழந்த ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் நிற்காமல் இருந்ததற்கு எந்த நிறுவனத்தை விடவும் இந்த வழக்கம் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கிறிஸ்ரோபர் பிரிட்டோ 1876இல் மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் வழக்கமான முக்குவர் சட்டத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தாய்வழியாக, சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து இறங்கும் முறையை அதில் காணலாம். அதே ஆண்டில் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பழைய முறை நீதிமன்றங்களில் செல்லாமற் போனது. மக்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். சகோதரியின் மகனுக்குப் போன சொத்து மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1960களின் இறுதியிலிருந்து ஆய்வு செய்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் கொடுமையை நான் மறைக்கவில்லை. வீடில்லாத பெண்ணுக்கு வரன் இல்லை என்ற நிலை எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. அதைச் சீர்திருத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீர்திருத்தத்தால் ஒரு வழக்கம் மாறுவது வேறு. காணி விலையால் அது முறிக்கப்படுவது வேறு. விலை முறித்தால், பெண்ணிடமிருந்து வீடு போய்விடும். வரன் கேட்கும் சீதனம் மட்டும் பணமாக மிஞ்சும்.

இன்னொரு விடயம். இந்த வீடுகளில் கணிசமானவை எந்தப் பணத்தில் கட்டப்பட்டவை? குவைத்திலும் ரியாதிலும் டோஹாவிலும் துபாயிலும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரும் மூத்த மகள்மாரும் அனுப்பிய பணத்தில். பாலைவன நகரங்களில் பிறர் வீட்டைத் துடைத்து, இங்கே தன் பிள்ளைக்கு ஒரு வீட்டை எழுப்பினார்கள். 2022இல் விலைவாசி உச்சத்துக்குப் போனபோது (அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம்), சீமெந்தும் இரும்பும் எட்டாத விலைக்குப் போய், எத்தனையோ வீடுகள் கூரையில்லாமல் நின்றன. இப்போது சுவருக்குக் கீழே உள்ள நிலமும் கைக்கெட்டாமற் போகிறது.

நிலம் நமக்குக் குறைவு. வரைபடத்தில் மாவட்டம் பெரிதாகத் தெரியும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் காடும் விரிந்து கிடக்கும். ஆனால் சனம் நெருங்கி வாழ்வது எழுவான்கரையில், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணற்கீற்றில். கல்லாற்றுப் பக்கம் சில இடங்களில் அதன் அகலம் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. தெற்காசியாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றாகச் சொல்லப்படும் காத்தான்குடி இந்தக் கீற்றில்தான் இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் வளவு பிரிக்க இடமில்லாமல், மகளுக்கு மேல்மாடி கட்டுகிறார்கள். மணலுக்குக் கீழே மழைநீர் தங்கி உண்டான மெல்லிய நன்னீர்ப் படுகைதான் கிணறுகளுக்கு ஊற்று. அதை நீச்சல் தடாகமும் பத்து அறைக் குளியலும் உறிஞ்சும்போது, பக்கத்துக் கிணறு உவர்க்கும். கடற்கரைக் காணி என்று விளம்பரம் செய்யப்படுவதெல்லாம் இந்த ஒடுங்கிய கீற்றின் மேல் நிற்கும் காணிதான். உள்ளே போய்க் குடியிருக்கலாமே என்று சொல்வது எளிது. தாய் வளவிலிருந்து முப்பது கிலோமீற்றர் தள்ளி, வாவிக்கு அப்பால் ஒரு வீடு கொடுத்தால், அது தாய்வழி வீடாக இருக்காது.

இப்படி உள்ளே போகச் சொல்வதை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். சுற்றுலாத் தொழிலுக்கு விலக்கு இருந்தது. கரையில் வாழ்ந்தவன் ஆபத்தைக் காரணம் காட்டி உள்ளே அனுப்பப்பட்டான். அதே ஆபத்து விடுதிக்குப் பொருந்தவில்லை. நாவலடி அழிந்து, பிழைத்தவர்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். பின்னர் அந்த 200 மீற்றர் விதி தளர்த்தப்பட்டது. ஆனால் இடம் மாறிய குடும்பம் மாறியதுதான். மீன்பிடிக்காகச் சிலர் மட்டும் கரைக்குத் திரும்பினார்கள்.

சுனாமிக்குப் பின்னான அந்த வீடமைப்பில் நடந்த இன்னொரு தவறு அதிகம் பேசப்படவில்லை. இழந்த வீட்டுக்கு ஒரு வீடு, 500 சதுர அடி, குடும்பத் தலைவரின் பெயரில். குடும்பத் தலைவர் என்றால் அதிகாரிகளுக்கு ஆண். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வளவுக்குப் பதிலாக வந்த வீடு, ஒரே கையெழுத்தில் கணவனின் பெயருக்கு மாறியது. மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸும் சேர்ந்து, சுனாமிக்குப் பின்னான கிழக்கின் வீடுகளையும் சீதனத்தையும் பற்றி எழுதிய கட்டுரை இந்த முரண்பாட்டைக் காட்டுகிறது. அரச காணி அனுமதிப்பத்திரங்களுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் ஆண்களையே முன் வைத்திருந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. கொழும்பில் எழுதிய சட்டம் மட்டக்களப்பு வீட்டை எப்போதும் தவறாகவே வாசித்திருக்கிறது. சுற்றுலாச் சட்டமும் அப்படி வாசிக்கப்படக்கூடாதென்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

அறுகம்குடாவுக்கு வருவோம். அது பொத்துவில் மக்களுக்கு உல்லை. மீனவர் கிராமம். 1970களிலேயே அலைச்சறுக்கு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். ஊர்க்காரர் தங்கள் வளவில் ஓலைக் குடில் போட்டு அவர்களைத் தங்க வைத்தார்கள். சோறும் மீனும் அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்தே போயின. 2005 ஏப்ரலில், சுனாமி அடித்து நாலு மாதமும் ஆகாத நிலையில், அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணத்தில் அறுகம்குடாவுக்கென்று ஓர் அபிவிருத்தித் திட்டம் வரையப்பட்டது. கோமாரியிலிருந்து பாணமை வரை நீண்ட அந்தத் திட்டத்தில் சொகுசு விடுதிகளும் நீர்விமானத் துறையும் ஹெலிகொப்டர் தளமும் இருந்தன. ஊரார் தங்கள் பழைய இடத்திலேயே மீண்டும் வீடு கட்டுவதற்கு இடம் இருக்கவில்லை. ஊர் எதிர்த்தது. எழுத்தாளர் நயோமி கிளைன் தமது நூலில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியதால் உலகத்துக்கும் தெரிய வந்தது. திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் அரசு திட்டமிட்டுச் செய்ய முடியாததைச் சந்தை சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வளவு வளவாக, உறுதி உறுதியாக.

பாசிக்குடாவின் கதை வேறு. போருக்கு முன்பே அங்கே விடுதிகள் இருந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி ஒருபுறமும் போர் மறுபுறமும் அந்தக் கரையைச் சூனியமாக்கின. போர் முடிந்தபின் அரசு அதை உல்லாச வலயமாக்கியது. 2011 முதல் விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்த வலயத்தில் ஊரவருக்குக் கிடைத்த வேலைகளின் அளவையும், கரைவலைக்காரருக்கும் தோணிக்காரருக்கும் சுருங்கிப்போன கரையையும் விவரித்தது. அதில் என்னை யோசிக்க வைத்தது ஒரு செய்தி. விடுதி வேலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள், பேர் கெட்டுவிடும் என்று. பெரிய விடுதிக்குப் போகாத அதே பெண், தன் பெயரில் உள்ள வீட்டில், தன் தாயும் கணவனும் பக்கத்தில் இருக்க, இரண்டு விருந்தினருக்கு அறை கொடுத்துச் சமைத்துப் போடத் தயங்குவதில்லை. கல்குடாவில் அப்படிச் சில வீடுகள் நடக்கின்றன. வீட்டு உரிமை பெண்ணிடம் இருப்பதால் அந்த வருமானமும் அவள் கைக்கே வருகிறது. நாட்டின் வேறெந்தக் கரையைவிடவும் நமக்கு இருக்கும் ஓர் அனுகூலம் இது.

ஆகவே நான் உல்லாசப் பயணிக்கு எதிராகப் பேச வரவில்லை. வந்தவனுக்கு இடம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கதிர்காமப் பாதயாத்திரை நம் ஊர்களினூடாக வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை, குமணை என்று போகிறது. அதுவும் இந்தச் சீசன் மாதங்களிலேயே. யாத்திரிகர் கோயில் மண்டபங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் படுத்தெழும்புவதற்கு யாரும் விலை பேசியதில்லை. உல்லாசப் பயணியிடம் பணம் வாங்குவது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் இருக்க வேண்டும். குடும்பம் இருந்து கொடுக்கும் அறை வேறு, குடும்பத்தை எழுப்பிவிட்டுக் கொடுக்கும் வீடு வேறு. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இந்த வேறுபாட்டை மறந்த ஊரொன்றைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில், பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன நகரம் இருக்கிறது. கோடையில் 45 பாகைக்கு மேல் வெயில்; ஆகவே அதன் சீசன் மாரியில். சினிமா நட்சத்திரங்களின் ஓய்விடமாக வளர்ந்து, பிறகு இணையத்தின் வழியே முழு வீடுகளையும் நாள் வாடகைக்கு விடும் நகரமாகியது. 2018இல் குடியிருப்புப் பகுதிகளில் அந்த வாடகையை ஒழிக்கலாமா என்று வாக்கெடுத்தபோது, பத்தில் ஏழு பேர் வேண்டாமென்றார்கள். அதற்குள் ஊரின் பிழைப்பே அந்த வாடகையோடு பின்னிவிட்டது. 2022 நவம்பரில் நகரசபை ஓர் இடைவழியைக் கண்டது: ஒரு குடியிருப்பில் நூற்றுக்கு இருபது வீடுகளுக்கு மேல் இப்படி வாடகைக்கு விட முடியாது, புதிதாக உரிமம் பெறும் வீட்டை ஆண்டுக்கு 26 தடவைக்கு மேல் விட முடியாது. பக்கத்தில் உள்ள கதீட்ரல் சிற்றி 2021இல் வாக்களித்துப் பெருமளவில் தடையே செய்துவிட்டது. பார்சிலோனா 2028 நவம்பரோடு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உல்லாச வீட்டு உரிமங்களை முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது.

பாம் ஸ்பிரிங்ஸின் பழைய கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நகர நிலத்தில் கணிசமான பகுதி அகுவா கலியந்தே என்ற பூர்வகுடி மக்களுக்கு உரியது. 1959இல் வந்த ஒரு சட்டம் அந்த நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட வழி திறந்தது. குத்தகை மதிப்பு ஏறியவுடன், நகரின் நடுவே 14ஆம் பிரிவு என்ற ஒரு சதுர மைல் துண்டில் வாழ்ந்தவர்கள் இடைஞ்சலானார்கள். அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் மெக்சிக்க வழியினரும்; அந்த உல்லாச நகரத்தைக் கட்டியவர்கள், அதன் அறைகளைத் துப்புரவாக்கியவர்கள். அவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். நகரசபை 2021இல் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் 59 இலட்சம் டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அறுபது ஆண்டு கழித்து. அதற்குள் வீடிழந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

99 ஆண்டு என்ற எண்ணை மறக்காதீர்கள். நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுதுவதைத் தடுக்கிறது. அதே சட்டம் 99 ஆண்டு வரை குத்தகைக்கு அனுமதிக்கிறது. 99 ஆண்டு என்றால் மகள், பேத்தி, பூட்டி மூன்று பேரின் கல்யாணமும் அதற்குள் அடங்கும். காணியை விற்கவில்லை, குத்தகைக்குத்தானே கொடுத்தேன் என்று தகப்பன் ஆறுதலடைகிறார். உண்மையில் தன் கண்ணுக்குத் தெரியக்கூடிய எல்லாப் பெண் பிள்ளைகளின் வளவையும் அவர் கொடுத்துவிட்டார். முப்பது ஆண்டுக் குத்தகையும் ஒரு தலைமுறைதான். ஆங்கிலத்தில் எழுதிய குத்தகை உறுதியில் கையெழுத்து வைத்தபின், அதில் என்ன எழுதியிருக்கிறதென்று விளங்கிக்கொள்ள வழக்கறிஞரைத் தேடும் நிலை நம் கரையில் வரக்கூடாது.

வருமானத்தின் உறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு. அன்று நம் சீயோன் தேவாலயத்தில் இழந்த பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் ஒரு வருமானத்தை நம்பி, மகளின் வீட்டை ஈடுவைத்து மேலே இரண்டு அறை எழுப்பியவர்கள் வங்கிக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். உறுதி வங்கியில், வீடு வெறுமை, மகள் கல்யாண வயதில். சீசன் வருமானம் குடும்பத்துக்கு மேலதிகக் கறியாக இருக்கலாம், அது சோறாகிவிடக்கூடாது.

என்ன செய்யலாம்? நம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் கொழும்பில் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1973இல் இதே நாடு வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்தது. தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு, அதற்கு மேல் ஒரு குடும்பம் வீடு வைத்திருக்க முடியாதென்றது. அந்தச் சட்டத்தில் குறைகள் இருந்தன. அதை மீட்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு வீட்டை அளந்த ஒரு சிந்தனை நம் சட்டப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது என்பதை நினைவுபடுத்துகிறேன்.

பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் உப விதி இயற்றும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதும் சோலைவரி அறவிடுவதும் அவைதான். ஆனால் உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகே மீண்டும் கூடின. உல்லாசப் பயணிகள் திரும்பி வந்த அந்த இரண்டு ஆண்டும் நம் ஊர்களில் மக்கள் தெரிந்தெடுத்த ஒரு சபைகூட இருக்கவில்லை. போன காலம் போகட்டும். இப்போது சபை இருக்கிறது. உரிமையாளர் அதே வளவில் குடியிருந்து அறை விடுகிறாரா, அவருக்குப் பதிவு இலகுவாக இருக்கட்டும், கட்டணம் குறைவாக இருக்கட்டும், சுற்றுலா அதிகார சபையின் பதிவைப் பெறுவதற்கும் சபையே தமிழில் உதவட்டும். யாரும் குடியிருக்காத முழு வீடா, அதற்கு வேறு கட்டணம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இத்தனைக்கு மேல் இல்லை என்ற வரம்பு. அந்தக் கட்டணத்தில், இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியருக்கும் தாதிக்கும் சபையே சில வாடகை வீடுகளைக் கட்டலாம். இவற்றில் எதற்கு இருக்கும் அதிகாரம் போதும், எதற்குச் சட்டத் திருத்தம் கேட்க வேண்டும் என்பதை வழக்கறிஞர்கள் சபைக்குச் சொல்லட்டும். சில இலவச ஆலோசனை நாட்களை வைத்து, குத்தகை எழுத இருக்கும் குடும்பத்துக்கு அந்த உறுதியை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டும் பணியையும் அவர்கள் ஏற்க வேண்டும். கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதில் ஒன்றுசேரலாம். சீதன வீட்டில் நாம் இரு சமூகத்தவரும் ஒரே வழக்கத்தின் பிள்ளைகள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை வீடுகள் சீசனுக்கு மட்டும் திறக்கின்றன, அவற்றில் எத்தனை பெண்களின் பெயரில் இருக்கின்றன, எத்தனை குத்தகையில் போயிருக்கின்றன என்பதைக் கல்குடாவுக்கோ கல்லடிக்கோ உல்லைக்கோ இன்று யாராலும் ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியாது. இந்த அவையில் இருக்கும் சபை உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதுதான். வருகிற மாரியில், விருந்தினர் இல்லாத அந்த மாதங்களில், கிராம உத்தியோகத்தரையும் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தக் கணக்கை எடுங்கள். எடுத்ததைச் சபைக் கட்டட வாசலில் ஒட்டுங்கள். சித்திரையில் அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் அதை ஊர் வாசித்திருக்க வேண்டும்.